ஒரு பத்தாண்டுக்கு 25 ஆல்பம்: பட்டியல் போடுவதற்கான முழுமையான வழிகாட்டி

எழுபதுகளின் முக்கியமான ஆல்பங்கள் எவை என்று கேட்டால் யோசிக்காமல் பத்துப் பெயர் சொல்லிவிடலாம். அந்தப் பத்தில் எத்தனையை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால்தான் சங்கடம். நான் முதல்முறை போட்ட பட்டியலில் 25 ஆல்பம் இருந்தது. முழுசாகக் கேட்டிருந்தது 9. மீதி 16ம் வேறு பட்டியல்களைப் பார்த்து எழுதியவை. அந்தப் பட்டியல்களை எழுதியவர்கள் வேறு எதைப் பார்த்து எழுதினார்களோ, தெரியாது.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை கையில் ஒரே ஒரு கேள்விதான்: இந்த ஆல்பத்தை எடுத்துவிட்டால், பின்னால் வந்த இசையில் எங்கே ஓட்டை விழும்? கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதற்கான ஏற்பாடுகள். எடுத்துக்காட்டுகளை எழுபதுகளிலிருந்து எடுத்திருக்கிறேன். நீங்கள் அறுபதுகளையோ தொண்ணூறுகளையோ எடுத்தாலும் வேலை ஒன்றுதான்.

முதல் படி: வேலி போடுங்கள்

பத்தாண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி வழியில், பிடித்த ஆல்பம் ஒன்றுக்காக வேலியைத் தள்ளிப்போடத் தோன்றும். தி க்ளாஷ் குழுவின் 'லண்டன் காலிங்' 1979 டிசம்பரில் பிரிட்டனில் வந்தது. அமெரிக்காவில் 1980 ஜனவரியில்தான் வந்தது. அந்தச் சில வாரத்து இடைவெளியை வைத்து, அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதை எண்பதுகளின் ஆகச் சிறந்த ஆல்பம் என்று அறிவித்தது. தப்பென்று சொல்ல முடியாது, அவர்கள் வேலி அப்படி. என் விதி: உலகத்தில் எங்கே முதலில் வெளியானதோ அந்தத் தேதிதான் கணக்கு.

பதிவான ஆண்டா, வெளியான ஆண்டா என்பது அடுத்த சிக்கல். பாப் டிலனும் தி பேண்ட் குழுவும் சேர்ந்து உருவாக்கிய 'தி பேஸ்மென்ட் டேப்ஸ்' பெரும்பாலும் 1967இல் பதிவானது. கடைக்கு வந்தது 1975இல். பிக் ஸ்டார் குழுவின் மூன்றாவது ஆல்பம் 1974இல் பதிவாகி, 1978 வரை பெட்டிக்குள் கிடந்தது. வெளியான ஆண்டையே நான் எடுத்துக்கொள்கிறேன். மக்கள் காதில் விழாத இசை அந்தக் காலத்தில் யாரையும் மாற்றியிருக்க முடியாது, அவ்வளவுதான் காரணம். சரி, 1970 எழுபதுகளா, 1971இலிருந்துதான் எழுபதுகளா என்று வாதாடுகிறவர்கள் வாதாடட்டும். 1970 முதல் 1979 வரை என்று போட்டுக்கொண்டு நகருங்கள்.

எண்ணிக்கையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 10 என்றால் புகழ்பெற்றவையே இடத்தை அடைத்துக்கொள்ளும். 100 என்றால் எதையும் வெட்டவேண்டியதில்லை, அதனால் யோசிக்கவும் வேண்டியதில்லை. 25 கொஞ்சம் வலிக்கிற எண்.

இரண்டாம் படி: எதை ஆல்பம் என்று ஒப்புக்கொள்வது?

1948இல் கொலம்பியா நிறுவனம் எல்பி என்ற நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டைக் கொண்டுவந்தபோது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து நாற்பது நிமிடம் என்பது அங்கிருந்து வந்த கணக்குதான். ஆனால் ஒரு பத்தாண்டின் பெரிய மாற்றங்கள் எல்லாம் அந்த நாற்பது நிமிடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுவதில்லை. எழுபதுகளின் ஜமைக்காவில் இசை ஓடியது ஏழு அங்குலத் தட்டில், ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டாக. டிஸ்கோவுக்கு நடன அரங்கில் சுழன்ற பன்னிரண்டு அங்குலத் தட்டு. ஹிப்-ஹாப் பிறந்த கதையை 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்திலிருந்து தொடங்குவார்கள். ஆனால் அந்தப் பத்தாண்டு முடியும்வரை அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு ஆல்பம் கிடையாது.

ஆகவே ஆல்பப் பட்டியல் என்பது ஒரு ஜன்னல் வழியாகப் பார்ப்பது. அதைத் தெரிந்துகொண்டே பாருங்கள். பட்டியலின் அடியில், 'இங்கே பிடிபடாதவை' என்று தனியாக ஐந்தாறு வரி எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேடையில் பதிவானது இருக்கலாம். இரட்டைத் தட்டு இருக்கலாம். 'சிறந்த பாடல்கள்' தொகுப்பு கூடாது. பாப் மார்லியின் 'லெஜண்ட்' ஏராளமான வீடுகளில் இருக்கும் தட்டு, பாட்டுகளில் பெரும்பாலானவை எழுபதுகளைச் சேர்ந்தவைதான். ஆனால் அது அவர் இறந்தபிறகு 1984இல் கோக்கப்பட்ட மாலை. எழுபதுகளின் மார்லி வேண்டுமென்றால் 1973இன் 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பத்துக்கோ 1977இன் 'எக்ஸோடஸ்' ஆல்பத்துக்கோ போகவேண்டும்.

மூன்றாம் படி: நீண்ட பட்டியல், மூன்று சாட்சிகள்

இப்போது 70 பெயர் சேருங்கள். சேர்க்கும்போது தாராளமாக இருங்கள், வெட்டுவது அப்புறம். சேர்ப்பதற்கு மூன்று சாட்சிகளைக் கூப்பிடலாம். மூவருமே கொஞ்சம் பொய் சொல்வார்கள்.

முதல் சாட்சி விற்பனை. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியல் 1991 மே வரை எப்படித் தயாரானது தெரியுமா? கடைக்காரர்களிடம் எது நன்றாகப் போகிறது என்று கேட்டு, அவர்கள் சொன்ன வரிசையைத் தொகுத்தார்கள். 1991 மே மாதத்திலிருந்து பார்கோடு வழியாக, உண்மையில் விற்றதை எண்ண ஆரம்பித்தார்கள். கன்ட்ரி இசையும் ராப்பும் திடீரென்று மேலே ஏறின. என்.டபிள்யூ.ஏ. குழுவின் ஆல்பம் ஜூன் மாதத்திலேயே முதலிடத்தைப் பிடித்தது. ரசனை ஒரே மாதத்தில் தலைகீழாக மாறிவிடவில்லை. எண்ணும் முறைதான் மாறியது. 1991க்கு முந்தைய அமெரிக்க விற்பனைப் பட்டியலைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விற்காததெல்லாம் முக்கியமில்லை என்றும் ஆகாது. நிக் டிரேக் 1972இல் வெளியிட்ட 'பிங்க் மூன்' அவர் உயிரோடு இருந்தவரை சில ஆயிரம் பிரதிகூடச் சரியாகப் போகவில்லை. அவர் 1974இல் இறந்தார். கால் நூற்றாண்டு கழித்து ஒரு கார் விளம்பரத்தில் அதன் தலைப்புப் பாட்டு வந்த பிறகுதான் பலர் அதைத் தேடி வாங்கினார்கள்.

இரண்டாவது சாட்சி விமர்சகர்கள். 1970இல் பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் வந்தபோது அன்றைய விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இன்று ஹெவி மெட்டலின் கதையை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். காலம் தள்ளி எழுதப்படும் பட்டியல்களிலும் இதே கூத்து உண்டு. ரோலிங் ஸ்டோனின் '500 சிறந்த ஆல்பங்கள்' பட்டியலில் 2003இலும் 2012இலும் முதலிடம் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்துக்கு. 2020இல் வாக்களிப்பவர்களை மாற்றினார்கள். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலிடத்துக்கு வந்தது. ஜோனி மிட்செலின் 'ப்ளூ' 30ஆவது இடத்திலிருந்து 3ஆவது இடத்துக்குத் தாவியது. இரண்டும் 1971இல் வந்த ஆல்பங்கள், இடையில் ஒரு சுரம்கூட மாறவில்லை. ஆகவே ஒரு பட்டியலைப் படிக்கும்போது அதன் முதல் பத்தைப் பார்ப்பதற்கு முன்னால் யார், எப்போது போட்டது என்று பாருங்கள்.

மூன்றாவது சாட்சியைத்தான் நான் அதிகம் நம்புவேன்: பின்னால் வந்த இசைக்கலைஞர்கள். யார் யாரிடமிருந்து எதை எடுத்தார்கள் என்பதைக் காதாலேயே பிடிக்கலாம். ஜெர்மனியின் க்ராஃப்ட்வெர்க் குழு 1977இல் 'ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' வெளியிட்டது. ரயில் ஓடுவதுபோல இயந்திரத் தாளம், அதன்மேல் விறைப்பான ஒரு மெட்டு. 1982இல் பிராங்ஸ் டிஜே ஆஃப்ரிக்கா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' பாட்டில் அதே மெட்டு வந்து நிற்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், யாரும் விளக்கவேண்டியதில்லை. ஓட்டை எங்கே விழும் என்ற கேள்விக்கு இப்படிப்பட்ட பதில் கிடைத்தால் அந்த ஆல்பம் பாதி ஜெயித்துவிட்டது.

70 பெயர் சேர்ந்ததும் எதிரே நாட்டின் பெயரை எழுதுங்கள். என் முதல் தாளில் 25இல் 23 பிரிட்டன் அல்லது அமெரிக்கா. நாட்டுக்கு ஒன்று என்று பந்திபோல் பரிமாறச் சொல்லவில்லை. ஆனால் பிரேசிலிலிருந்து 1972இல் மில்டன் நாசிமென்டோவும் லோ போர்ஜெஸும் வெளியிட்ட 'க்ளூபி டா எஸ்கினா' நீண்ட பட்டியலில்கூட இல்லையென்றால், அந்த ஆல்பம் தோற்றதாக அர்த்தம் இல்லை. நமக்கு அதைக் கேட்க வாய்ப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

நான்காம் படி: சரியான பதிப்பைக் கண்டுபிடியுங்கள்

பலரும் தாண்டிப்போகிற படி இது. நானும் தாண்டிப்போய்த்தான் அடி வாங்கினேன். டெலிவிஷன் குழுவின் 'மார்க்கீ மூன்' ஆல்பத்தை முதல்தடவை கேட்டபோது, 'கடைசியில் இழுக்கிறது, பாட்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன' என்று நோட்டில் எழுதி ஓரம் கட்டிவிட்டேன். ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது. நான் கேட்டது கூடுதல் பாட்டுகள் சேர்த்த மறுவெளியீடு. 1977இன் மூலத் தட்டில் 8 பாட்டுதான், 45 நிமிடம். அதற்கப்புறம் வந்தவற்றில் பெரும்பாலானவை அதே பாட்டுகளின் வேறு பதிவுகள். திரும்பத் திரும்ப வராமல் என்ன செய்யும்? குற்றம் ஆல்பத்தின் மேல் இல்லை, பாட்டு எண்ணிக்கையைப் பார்க்காத என்மேல்.

ஆகவே கேட்பதற்கு முன் மூலத் தட்டில் எத்தனை பாட்டு, எந்த வரிசை என்று சரிபாருங்கள். நாட்டுக்கு நாடு வேறுபடுவதும் உண்டு. பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' 1965இல் பிரிட்டனில் 14 பாட்டோடும் அமெரிக்காவில் 12 பாட்டோடும் வந்தது, பாட்டுகளும் எல்லாம் ஒன்றல்ல. ஒலியிலும் வித்தியாசம் இருக்கும். இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு எழுபதுகளில் இல்லை, 1959இல் இருக்கிறது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் முதல் பக்கம் பதிவான அன்று டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டாக்கியதால் அந்த மூன்று பாட்டும் சுருதி சற்றே ஏறிப் போய்விட்டன. 1992இல்தான் திருத்தினார்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக, தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் தங்கள் வாத்தியத்தைச் சந்தேகப்பட்டிருப்பார்கள், பாவம்.

ரீமாஸ்டர், அதாவது பழைய பதிவின் ஒலியைச் சீர்செய்தது, என்று போட்டிருந்தால் மேலானது என்று நினைத்துவிடாதீர்கள். மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே அளவில் ஒலிக்கும்படி இறுக்கிப் பிழிந்த ரீமாஸ்டர்கள் நிறைய உண்டு. பத்து நிமிடத்தில் காது களைத்துப்போனால் வேறு பதிப்பைத் தேடுங்கள்.

ஐந்தாம் படி: உட்கார்ந்து கேளுங்கள்

கணக்கைப் பார்ப்போம். 70 ஆல்பம், ஒன்றுக்கு 40 நிமிடம், ஏறக்குறைய 47 மணி நேரம். நாளுக்கு ஒன்று என்றால் ஒரு சுற்று முடிய பத்து வாரம். ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்கவேண்டும் என்பது என் விதி, அப்படியானால் ஏழு மாதம். அதற்குக் குறைந்து செய்கிற வித்தை எனக்குத் தெரியாது.

முதல் தடவை எதையும் படிக்காமல் கேளுங்கள். பாட்டு வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிள் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை அட்டையில் உள்ள விவரங்களோடு: யார் வாசித்தது, யார் தயாரித்தது, எங்கே பதிவானது. மூன்றாவது, குறைந்தது இரண்டு வாரம் கழித்து. அந்த இடைவெளியில் எது மனதில் தங்கியது, எது நழுவியது என்பதே ஒரு தீர்ப்பு.

எழுபதுகளின் ஆல்பம் என்றால் இன்னொன்று: நடுவில் நிறுத்துங்கள். தட்டைத் திருப்பிப் போட எழுந்து போகிற இடைவெளியை மனதில் வைத்துத்தான் அவற்றைக் கோத்தார்கள். டேவிட் போவியின் 'லோ' ஆல்பத்தில் முதல் பக்கம் துண்டு துண்டான பாட்டுகள், இரண்டாம் பக்கம் ஏறக்குறைய முழுக்க வார்த்தையில்லாத இசை. ஒரே மூச்சில் ஓடவிட்டால் ஏதோ பாதியில் ஆள் மாறிவிட்ட மாதிரி இருக்கும். ஒரு நிமிடம் விட்டுக் கேட்டால் இரண்டு அறைகள் உள்ள வீடு.

நோட்டில் என்ன எழுதுவது? 'நன்றாக இருக்கிறது' என்று எழுதாதீர்கள். நடந்ததை எழுதுங்கள். ஃபெலா குட்டி 1976இல் வெளியிட்ட 'ஸாம்பி' பற்றி என் குறிப்பு இப்படி இருக்கிறது: 'கிட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, நிற்கவே இல்லை. ஊதுவாத்தியங்கள் பல்லவி மாதிரி வந்து வந்து போகின்றன. நாலைந்து நிமிடம் ஆகியும் பாடகர் வாயைத் திறக்கவில்லை, எனக்கு அலுக்கவும் இல்லை. திறந்ததும் பாட்டில்லை, கட்டளை. அணிவகுப்பில் அதிகாரி போடுகிற சத்தம். ஒவ்வொரு கட்டளைக்கும் பெண்களின் குரல் ஒரே சொல்லைத் திருப்பிச் சொல்கிறது. முதலில் சிரிப்பு வந்தது.' இரண்டாம் தடவை விவரம் படித்தேன். நைஜீரிய ராணுவத்தினரைச் சொந்த புத்தி இல்லாத நடைப்பிணங்கள் என்று நையாண்டி செய்கிற பாட்டு. 1977 பிப்ரவரியில் ராணுவத்தினர் அவருடைய குடியிருப்பைத் தாக்கி எரித்தார்கள். அவருடைய தாயை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தத் தாய் இறந்துபோனார். மூன்றாம் தடவை கேட்டபோது அந்தக் கட்டளைக் குரலில் சிரிப்பு வரவில்லை. முதல் தடவையே எல்லாவற்றையும் படித்திருந்தால் அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்திருக்காது. அந்த நையாண்டி எப்படி வேலை செய்தது என்பதும் பிடிபட்டிருக்காது.

ஆறாம் படி: வெட்டுவது

முதலில் ஆளுக்கு ஒன்று என்ற விதியைப் போட்டுப் பாருங்கள். உடனே ஸ்டீவி வொண்டர் வந்து குறுக்கே நிற்பார். 1972இல் 'டாக்கிங் புக்', 1973இல் 'இன்னர்விஷன்ஸ்', 1974இல் இன்னொன்று, 1976இல் 'சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்'. கடைசி மூன்றுக்கும் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது. இதில் எதை எடுப்பது? 'சாங்ஸ்' இரண்டு எல்பியிலும் அடங்காமல் கூடவே ஒரு சின்னத் தட்டையும் இழுத்துக்கொண்டு வந்த பெரிய வீடு. என் வாக்கு 'இன்னர்விஷன்ஸ்' ஆல்பத்துக்கு. பெரும்பாலான வாத்தியங்களை அவரே வாசித்து, சின்தசைசரை ரத்தமும் சதையுமாக்கிக் காட்டியது அதில்தான் இறுக்கமாக வந்திருக்கிறது. நீங்கள் வேறு சொல்லலாம். ஆனால் ஒன்றைத்தான் சொல்லவேண்டும், அதுதான் இந்த விதியின் பயன்.

அடுத்து, ஒரே அலமாரியில் உள்ளவற்றை எதிரெதிரே நிறுத்துங்கள். ஜமைக்காவின் ரெகேயை ரெகேயோடு, பங்க் ராக்கைப் பங்க்கோடு. ரெகேயையும் மெட்டலையும் மோதவிட்டால் நமக்கு எது பழக்கமோ அது ஜெயிக்கும். இறுதிச் சுற்றில் எல்லாம் மோதித்தான் ஆகவேண்டும், ஆனால் அதற்குள் பலவீனமானவை வெளியே போயிருக்கும்.

பிறகு ஆண்டுவாரியாக எண்ணுங்கள். என் கிழித்த தாளில் 1977இலிருந்து மட்டும் ஏழு. 'லோ', 'ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்', 'மார்க்கீ மூன்', 'எக்ஸோடஸ்', ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்', செக்ஸ் பிஸ்டல்ஸின் ஒரே ஆல்பம் என்று அந்த ஆண்டு உண்மையிலேயே நெரிசலான ஆண்டு. ஆனாலும் 1974இலிருந்து ஒன்றுகூட இல்லையென்றால் கோளாறு 1974இல் இல்லை.

சொந்த ஆசைக்கு இரண்டு இடம் ஒதுக்குங்கள், இரண்டே. ஓட்டைக் கேள்விக்குப் பதில் சொல்லமுடியாத, ஆனால் விடமுடியாத ஆல்பங்களுக்கு. எனக்கு அதில் ஒன்று 'பிங்க் மூன்'. 28 நிமிடம், ஒரு குரல், ஒரு கிட்டார், ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் பியானோ. அதற்காக வாதாட மாட்டேன்.

ஏழாம் படி: ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி

இலக்கம் போடாதீர்கள். வெளியான தேதி வரிசையில் அடுக்குங்கள். 14ஆவதா 15ஆவதா என்ற சண்டையில் போகிற நேரத்தில் இன்னும் ஒரு ஆல்பம் கேட்டுவிடலாம்.

எதிரே ஒரு வரியில் காரணம் எழுதுங்கள். 'காலத்தால் அழியாத காவியம்' என்பது காரணம் அல்ல. எந்த ஆல்பத்துக்கும் அதை ஒட்டிவிடலாம். வேறு எதற்கும் பொருந்தாத வரியாக இருக்கவேண்டும். பிளாக் சப்பாத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துக்கு என் வரி: 'உலோகத் தகடு ஆலையில் விரல் நுனிகளை இழந்த கிட்டார்காரர், கம்பிகளைத் தளர்த்திக் கட்டினார், சுருதி இறங்கியது, அந்தக் கனத்தைத்தான் பின்னால் வந்த மெட்டல் குழுக்கள் எடுத்துக்கொண்டன.' வரி வரவில்லையென்றால் அந்த ஆல்பம் ஏன் உள்ளே இருக்கிறது என்று நமக்கே தெரியவில்லை என்று பொருள். இப்படி எழுத உட்கார்ந்தபோதுதான் என் பட்டியலிலிருந்து மூன்று பெயர் தானாக உதிர்ந்தது.

24 வரியைப் பேனாவால் எழுதலாம், கடைசி வரி பென்சிலில் இருக்கட்டும். என்னுடையதில் அந்த இடத்துக்கு இரண்டு பேர் மாறி மாறி வருகிறார்கள். ஒன்று பியானோ கலைஞர் கீத் ஜாரெட் 1975 ஜனவரியில் ஜெர்மனியின் கோல்ன் நகரில் வாசித்தது. மேடையில் இருந்தது தப்பான பியானோ. உச்ச சுரங்கள் தகரம் மாதிரி, அடிச் சுரங்களில் கனமில்லை. அதனாலேயே நடுக்கட்டைகளில் நின்று, இடக்கையால் ஒரே சுழற்சியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அந்த மயக்கம் அங்கிருந்து வந்தது. மற்றொன்று அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் பதிவான 'சக்தி'. ஜான் மெக்லாக்லினின் கிட்டார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபேலா, ஆர். ராகவனின் மிருதங்கம், டி.எச். விநாயக்ராமின் கடம். அதற்கு முந்தைய குழுவில் மின்சாரக் கிட்டாரை அலறவிட்ட அதே மெக்லாக்லின், இங்கே கடத்துக்குக் காது கொடுத்து வாசிக்கிறார். இந்த மாதம் சக்தி உள்ளே, ஜாரெட் வெளியே. கோல்ன் தட்டின் நாலு பக்கத்தையும் மூன்றாம் தடவை கேட்பது இன்னும் பாக்கி இருக்கிறது.